ஸ்லைடிங் கதவுக்குச் சாவி வைக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஹால் வழியாகத் தோட்டத்துக்கோ பால்கனிக்கோ திறக்கிற கண்ணாடி ஸ்லைடிங் கதவுக்கு, "பழைய கைப்பிடியை எடுத்துட்டு சாவி வெச்சது ஒண்ணு மாட்டிக் கொடுங்க சார்" என்று கேட்டு போன் வராத வாரமே இல்லை. கேட்பதில் தப்பில்லை. போன வாரம் ஒரு வீட்டில் ஆன்லைனில் வாங்கி அவர்களே மாட்டியிருந்தார்கள். பளபளவென்று கைப்பிடி, சாவியும் வெண்ணெய் மாதிரி திரும்பியது. பூட்டிய கதவை அப்படியே மேலே தூக்கினேன். ஷட்டர், அதாவது ஓடுகிற கண்ணாடிப் பலகை, ட்ராக்கை விட்டுக் கழன்று கையோடு வந்துவிட்டது. வீட்டம்மாவுக்குப் பேச்சே வரவில்லை.

சாவித் துவாரம் வந்துவிட்டால் கதவு பத்திரம் என்று யார்தான் சொல்லிக்கொடுக்கிறார்களோ! சாவிக்கு ஒரே வேலைதான், உள்ளே இருக்கும் பூட்டைத் திருப்புவது. கதவைப் பிடித்து வைப்பது ஷட்டரின் ஓரத்திலிருந்து வெளிவரும் கொக்கியும், எதிரே ஃப்ரேமில் அந்தக் கொக்கி மாட்டுகிற கீப்பரும். கீப்பர் இரண்டு குட்டி ஸ்க்ரூவில் ஆடிக்கொண்டிருந்தால் எவ்வளவு விலை கொடுத்துக் கைப்பிடி வாங்கினாலும் வீண். யூபிவிசி (பிளாஸ்டிக் சட்டம்) என்றால் அந்த ஸ்க்ரூ உள்ளே இருக்கும் ஸ்டீலைப் பிடித்திருக்க வேண்டும், வெறும் பிளாஸ்டிக்கில் நின்றால் போதாது. இன்னொன்று, நம் ஊர்க் கதவுகளில் பெரும்பாலும் இரண்டு ஷட்டருமே ஓடும். ஒன்றுக்குச் சாவி போட்டுவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள். திருடன் மறக்க மாட்டான்.

அதோடு, இதுவரை வெளியிலிருந்து திறக்கவே முடியாத கதவில் நீங்களே ஒரு வழி வைக்கிறீர்கள். மூன்றாவது மாடி பால்கனியில் வெளிப்பக்கம் சாவி எதற்கு? யார் வந்து திறக்கப் போகிறார்கள்?

"குழந்தை உள்ளே பூட்டிட்டா?" என்பார்கள். நடப்பதுதான். துணி காயப்போடப் போன அம்மா வெளியே மாட்டிக்கொள்வார், கதவை இழுத்துவிட்ட பிள்ளை உள்ளே அழும். ஆனால் சாவி ஹால் ஆணியில் தொங்கினால் பால்கனியில் நிற்பவருக்கு என்ன லாபம்? தானாக விழுகிற டச் லாக்கை எடுத்துவிட்டு, பிள்ளையின் கை எட்டாத உயரத்தில் தாழ் வையுங்கள். பால்கனிக்குப் போகும்போது போனையும் எடுத்துப் போங்கள், தயவுசெய்து.

தரைத்தளத்தில் அந்த வழியாகவே போய் வருகிறீர்கள் என்றால் சரி, சாவி தேவைதான். ஆர்டர் போடுவதற்கு முன் பழையதைக் கழற்றி அளவெடுங்கள். இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு நடுவே சென்டர் டு சென்டர், ஷட்டரின் கனம், ஓரத்திலிருந்து சாவித் துவாரம் வரை உள்ள தூரம், மூன்றும் மில்லிமீட்டரில் வேண்டும். பழைய கைப்பிடியையே கடைக்கு எடுத்துப் போனால் இன்னும் நல்லது. படம் பார்த்து வாங்கிவிட்டு ஓட்டையைப் பெரிதாக்குகிறேன் என்று டிரில்லைத் தூக்காதீர்கள். கண்ணாடியின் ஓரம் அந்தச் சட்டத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. டஃபன்டு, அதாவது கடினமாக்கிய கண்ணாடி நடுவில் அடி தாங்கும், ஓரத்தில் டிரில் பிட் உரசினால் மொத்தக் கண்ணாடியும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். நீளமான ஸ்க்ரூவும் இதே வேலையைச் செய்யும்.

ஸ்க்ரூ தலை வெளிப்பக்கம் தெரியவே கூடாது. சாவி நுழைகிற சிலிண்டர் வெளியே மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் பிடித்து முறித்துவிடலாம், சரியான நீளம் கேட்டு வாங்குங்கள். உள்பக்கமும் சாவி கேட்கிற மாடல் வேண்டவே வேண்டாம். ராத்திரி புகை சூழ்ந்தால் இருட்டில் சாவி தேடிக்கொண்டிருக்க முடியுமா? உள்ளே திருகுகிற குமிழ் போதும். மேல் ட்ராக்கில், கதவு மூடியிருக்கும்போது ஷட்டருக்கு மேலே வரும் இடத்தில், தூக்க முடியாதபடி ஆன்டி லிஃப்ட் பிளாக் போடச் சொல்லுங்கள். பூட்டோடு ஒப்பிட்டால் அதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை, ஆனால் யாரும் கேட்பதில்லை.

பூட்டு சரியாக விழவில்லை என்று கைப்பிடியை மாற்றுகிறவர்களும் உண்டு. முக்கால்வாசி நேரம் ஷட்டருக்கு அடியில் ஓடும் சக்கரம், அதாவது ரோலர், தேய்ந்து ஷட்டர் இறங்கியிருக்கும், கொக்கி கீப்பருக்குக் கீழே போய் முட்டும். முதலில் ட்ராக்கில் இருக்கும் மண்ணைக் கூட்டிவிட்டு ரோலர் ஸ்க்ரூவைத் திருகி உயரத்தைச் சரிசெய்யுங்கள். பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசியை இழுத்துப் பிசின் மாதிரி ஆகிவிடும். கிராஃபைட் பவுடர் கொஞ்சம் போதும். கடலோரம் வீடு என்றால் ஸ்க்ரூவை 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேளுங்கள், 316 கிடைத்தால் இன்னும் நல்லது. சாதா ஸ்க்ரூ அங்கே சீக்கிரமே துருப்பிடித்துவிடும், அடுத்த முறை கழற்றும்போது தலை மட்டும்தான் கையில் வரும்.