புளியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

சொந்த ஊருக்குப் போய்விட்டு பெங்களூர் திரும்புகிறவர்கள் முருங்கைக்காய், வேர்க்கடலையோடு சில சமயம் பழைய காசு ஒன்றையும் கொண்டுவருகிறார்கள். போர்வெல் போடும்போது கிடைத்தது, வரப்பு வெட்டும்போது கிடைத்தது, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. பழம்பொருள்களைச் சிதையாமல் காக்கிற வேலையில் இருப்பதால், அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக்நகர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் அவற்றை என்னிடம் காட்டுவதுண்டு. பெரும்பாலும் கிருஷ்ணகிரி, தர்மபுரி, வேலூர் பூர்விகம். முதலில் வாட்ஸ்அப்பில் போட்டோ வரும். பின்னாலேயே இரண்டு கேள்வி: "சார், இது எந்தக் காலத்தது? எவ்வளவு போகும்?"

போட்டோவில் காசு பளபளவென்று மின்னும். அதைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருப்பார்கள். ஆசையாக, அக்கறையாகச் செய்த வேலைதான். வீட்டில் குத்துவிளக்கைத் தேய்க்கிற கை, காசையும் தேய்த்துவிடுகிறது.

பல நூறு ஆண்டுகள் மண்ணில் கிடந்த செப்புக் காசில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் களிம்பாக மாறுகிறது. காசின் பழைய மேற்பரப்பு, அதாவது எழுத்தும் உருவமும் இருந்த தோல், அந்தக் களிம்பு அடுக்குக்குள்தான் தங்கியிருக்கும். அடியில் மிச்சமிருக்கும் செம்பில் ஒன்றும் இருக்காது. அது அரித்துப்போன வெறும் வில்லை. புளியில் உள்ள அமிலம் களிம்பைக் கரைக்கும்போது மீனோ புலியோ எழுத்தோ அதனோடு தண்ணீரில் போய்விடும். என் கைக்கு வருவது குழிகுழியான ஒரு செப்புத் தட்டு. "ராஜா காலத்துக் காசு" என்று மட்டும் சொல்லலாம். எந்த ராஜா என்று சொல்ல இனி வழி இல்லை.

களிம்பில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். அடர்பச்சையாக, கெட்டியாக, நகத்தால் கீறினாலும் உதிராமல் ஒட்டியிருந்தால் பயமில்லை, அது பொருளுக்குக் கவசம். வெளிர்பச்சையாக, மாவு மாதிரி, விரல் பட்டால் உதிர்ந்து, சில நாளில் மறுபடியும் அதே இடத்தில் பூத்தால் அது நோய். மண்ணில் இருந்த குளோரைடு உப்பு செம்புக்குள் இறங்கியிருக்கிறது. காற்றின் ஈரம் சேர்ந்ததும் அமிலம் உண்டாகி, புதுச் செம்பைத் தின்னத் தொடங்கும். தின்றுகொண்டேயும் இருக்கும். தேய்த்தால் இது நிற்காது. பெரும்பாலும் வேகம்தான் கூடும். இதை அடக்க இரசாயன முறைகள் உண்டு, ஆனால் அவை வீட்டில் செய்யக்கூடியவை அல்ல. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930ல் வேதியியல் கூடம் தொடங்கியதே அங்கிருந்த செப்புத் திருமேனிகளை இந்த மாதிரிச் சிதைவிலிருந்து மீட்கத்தான். நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலை: கழுவாதீர்கள், ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடாதீர்கள், உலர்ந்த தாளில் சுற்றி, செருப்புப் பெட்டிக்குள் வருகிறதே அந்தச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் சேர்த்து, மற்றக் காசுகளோடு கலக்காமல் தனி டப்பாவில் வையுங்கள்.

பானைக்கும் இதே கதைதான், இன்னும் மோசம். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பெருங்கற்காலப் புதைகுழிகள் ஏராளம். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை கிடைத்தால், முதலில் நடப்பது அதைக் கவிழ்த்து மண்ணைக் கொட்டுவது. அந்த மண்ணில்தான் தானியமும் எலும்புத் துணுக்கும் கரியும் இருக்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 வரை பின்னால் போகிறது என்று 2022ல் தமிழக அரசு அறிவித்ததே, அந்த ஆண்டுக் கணக்கு மண்ணடுக்கில் இருந்த கரிம மாதிரியிலிருந்து வந்தது. யாராவது அந்த இடத்தை முன்பே கிளறி, நல்லதாக நாலு பொருளை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டியிருந்தால், அந்தக் கணக்குக்கே வழியில்லாமல் போயிருக்கும்.

எந்த இடத்தில் கிடைத்தது என்பது அவ்வளவு முக்கியம். 1891ல் நம் யஷ்வந்த்பூரில் ரயில் பாதை வேலையின்போது ரோமானிய வெள்ளிக் காசுகள் மண்ணிலிருந்து வந்தன. இடம் தெரிந்திருப்பதால் அது பெங்களூர் வரலாறு. அதே காசை ஒருவர் சிக்பேட்டையில் ஒரு கடையில் வாங்கியிருந்தால் அது ரோமைப் பற்றி மட்டும் பேசும், நம்மைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது.

அதனால்தான், "பெங்களூர் மியூசியத்துக்குக் கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்கிறேன். கஸ்தூரிபா சாலை அரசு அருங்காட்சியகத்தின் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. 1865ல் தொடங்கியது, 1851ல் சென்னை அருங்காட்சியகத்தைத் தொடங்கிவைத்த எட்வர்ட் பால்ஃபர்தான் இதற்கும் காரணம். பழைய நினைவுக் கற்களான பேகூர் நடுகல்லும், ஆதகூர்க் கல்லும் அங்கே இருக்கின்றன, போய்ப் பாருங்கள். ஆனால் கிருஷ்ணகிரி பக்கத்துக் காவேரிப்பட்டினத்து வயலில் கிடைத்தது கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டும். மாவட்ட அருங்காட்சியகம் என்றால் நம்மவர்களுக்கு ஒரு இளக்காரம். நாலு அறை, தூசி, ஒரு ஃபேன். ஆனால் அங்கிருக்கும் காப்பாட்சியருக்கு உங்கள் வயல் எந்த ஏரிக்குக் கீழே என்று தெரியும், அடுத்த கிராமத்தில் போன முறை என்ன கிடைத்தது என்றும் தெரியும். சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து அதைச் சொல்ல முடியாது.

மாநில எல்லையும் பழங்காலத்துக்குப் பொருந்தாது. பெங்களூர் தோம்லூர் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளில் போசள (ஹொய்சள) மன்னன் வீர ராமநாதன் பெயர் வருகிறது. அவன் இருந்து ஆண்ட குந்தாணி, இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சின்னகொத்தூர். ஆபீஸ் பஸ் போகிற தோம்லூரையும் அந்தச் சின்ன ஊரையும் சேர்த்துப் படித்தால்தான் கதை முழுதாகும்.

நடுகல் விஷயம் வேறு. வேடியப்பன் என்று வழிபாட்டில் இருக்கிற கல்லை யாரும் மியூசியத்துக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லவில்லை. எண்ணெயும் மஞ்சளும் கூட இருக்கட்டும். எனாமல் பெயிண்ட் மட்டும் வேண்டாம், சிமெண்ட்டில் பாதி புதைப்பதும் வேண்டாம். பெயிண்ட் அடித்தால் எழுத்தின் பள்ளம் நிரம்பும். பிறகு அதை எடுக்க எந்திரத்தால் மணல் பீய்ச்சி அடிப்பார்கள், எழுத்தும் சேர்ந்தே போகும்.

இடையில் ஒன்று. ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1616, 1717, 1818 ஆண்டுச் செப்புக் காசு, கிழக்கிந்தியக் கம்பெனி என்று எழுதியிருக்கும், அரிசியை இழுக்கும் என்பார்கள். கம்பெனி அப்படி ஒரு காசு வெளியிட்டதே இல்லை. சாமி உருவம் உள்ள, பகோடா என்ற தங்கக் காசுகளை மதராஸில் அச்சடித்தார்கள், அது உண்மை. இந்தச் செப்பு வில்லை பின்னாளில் விற்பனைக்காக அடித்தது. அதை வைத்துக் கோடி தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் போலீஸிடம் போங்கள்.

சட்டத்துக்குப் பயந்துதான் பலர் மறைக்கிறார்கள். "சொன்னால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள்" என்பது ஊரில் எல்லாரும் சொல்கிற பேச்சு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தில் அப்படி எந்தப் பிரிவும் இல்லை. மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், நடைமுறையில் வி.ஏ.ஓ. அல்லது தாசில்தார் மூலம் போகும். அரசு எடுத்துக்கொண்டால் பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரவும் அதில் இடம் இருக்கிறது. மறைத்தால்தான் வம்பு: கிடைக்க வேண்டிய பணமும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. கர்நாடகத்துக்கு 1962ல் தனிச் சட்டம் வந்தது. அப்புறம், நூறாண்டுக்கு மேற்பட்ட சிலைகளை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்வதும், தனியார் யாரும் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். துபாயில் இருக்கும் மச்சானுக்குப் பரிசாகக் கொடுத்தனுப்பினாலும் அது ஏற்றுமதிதான்.

எதுவாவது கிடைத்தால் கையை எடுத்துவிட்டு, இருந்த நிலையிலேயே பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் போட்டோ எடுங்கள், அளவு தெரியும். போனில் லொகேஷனைச் சேமியுங்கள். எவ்வளவு ஆழம், கூட என்ன இருந்தது என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். கிருஷ்ணகிரி இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம்தான். வெள்ளிக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை. இரண்டாம் சனிக்கிழமையும் பூட்டிக் கிடக்கும்.