ஜோனிங்: மண்டலமும் இல்லை, வலயமும் இல்லை

‘ரயில் நிலையங்களுக்கு அருகே பல்குடும்ப மண்டலமாக்கலை மாநிலம் கட்டாயமாக்கியுள்ளது.’

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலச் செய்தி ஒன்றை, அதிலிருந்த ‘மல்டிஃபேமிலி ஜோனிங்’ என்ற தொடரோடு, இப்படித் தமிழாக்கி ஒருவர் அனுப்பியிருந்தார். இலக்கணப் பிழை கிடையாது. ஆனால் கூட்டுக்குடும்பங்களையெல்லாம் தண்டவாளத்தோரம் குடியேற்றப் போகிறார்கள் போல என்றுதான் படிக்கிறவருக்குத் தோன்றும்.

விஷயம் வேறு. பாஸ்டனைச் சுற்றி ரயிலும் பஸ்ஸும் ஓட்டும் எம்பிடிஏவின் சேவை எட்டுகிற ஊர்களும் அவற்றை ஒட்டியவையுமாக 177 ஊர்களுக்கு 2021 ஜனவரியில் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வோர் ஊரும் ஓர் இடத்தையாவது குறித்துத் தரவேண்டும். அங்கே ஏக்கருக்குக் குறைந்தது 15 வீடு என்ற நெருக்கத்தில், ஒரே கட்டடத்தில் மூன்று வீடோ அதற்கு மேலோ கட்டலாம். நிலையம் இருக்கிற ஊரென்றால் அதிலிருந்து அரை மைலுக்குள் அந்த இடம் அமைய வேண்டும். ‘முதியவர்களுக்கு மட்டும்’ என்று போர்டு மாட்டித் தப்பிக்க முடியாது. ஊர் தன் காசில் ஒரு செங்கல்கூட வைக்க வேண்டியதில்லை. விதிப்படி கட்ட வருகிறவரைத் தடுக்கக் கூடாது, அவ்வளவுதான். ‘இங்கே இன்னது கட்டலாம், இன்னது கூடாது’ என்கிற அந்த விதிக்குத்தான் ஜோனிங் என்று பெயர்.

வேர்ச்சொல் கிரேக்கத்து ‘சோனே’. இடுப்பில் கட்டும் கச்சை என்று பொருள். நம் மேகலைதான். பூமிப்பந்தின் இடுப்பைச் சுற்றி வெப்பப் பட்டை, குளிர்ப் பட்டை என்று பிரித்தவர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் அது நகர வரைபடத்துக்கு வந்தது. 1916இல் நியூயார்க் நகரம் முழுவதற்கும் இப்படி ஒரு விதி போட்டது.

தமிழில் ‘மண்டலம்’, ‘வலயம்’ இரண்டுமே வடமொழி வழி வந்தவை. ஒன்று வட்டம், இன்னொன்று வளையல். கச்சைக்கு நல்ல உறவுதான். ஆனால் சென்னைக்காரருக்கு மண்டலம் என்றால் மாநகராட்சி அலுவலகம். இலங்கையில் வலயம் என்றால் முதலில் கல்வி வலயம் நினைவுக்கு வரும். இரண்டும் எல்லையைத்தான் சொல்கின்றன, அனுமதியைச் சொல்வதில்லை. நஞ்சை, புஞ்சை, நத்தம் என்று நம்மிடம் நில வகைச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை நிலம் இப்போது என்னவாக இருக்கிறது என்று சொல்பவை. ஜோனிங் அது இனி என்னவாகலாம் என்று சொல்வது. மனை வாங்கி விற்பவர்கள் வாயில் ‘நில உபயோக மாற்றம்’ என்ற சொல் சரளமாக வரும். அந்தச் சொல்லே போதும்: ஜோனிங் என்பது நிலப் பயன்பாட்டு விதி.

‘பல்குடும்பம்’தான் உண்மையான சிக்கல். தாத்தா பாட்டி, சித்தப்பா குடும்பம் எல்லாம் ஒரே சமையலில் சாப்பிடும் வீடு இந்தக் கணக்கில் ஒற்றை வீடு. அடுக்குமாடி என்றால் பத்து மாடிக் கோபுரம் கண்ணில் நிற்கிறது. சட்டம் கேட்பதோ மூன்று வீடு. பாஸ்டனின் டார்செஸ்டர் பகுதியிலும் அதே மாநிலத்து வுஸ்டர் நகரிலும் தெருத்தெருவாக மூன்று தள மர வீடுகள் நிற்கின்றன, தளத்துக்கு ஒரு குடும்பம், முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகத் திண்ணை மாதிரி பால்கனி. இதைப் பார்த்தால் நம் பாட்டி என்ன சொல்வாள்? ‘மூணு குடித்தனம் இருக்கு.’ அதுதான் சொல்: பல குடித்தன வீடு.

ஒண்டுக்குடித்தனம் வேண்டாம். அந்த ‘ஒண்டு’வில் ஓர் இளக்காரம் இருக்கிறது. அங்கேயும் அது உண்டு: ஒஹாயோவின் யூக்ளிட் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கில், 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜோனிங் செல்லும் என்று தீர்ப்பளித்தபோது, தனி வீட்டுப் பகுதியில் எழும் அபார்ட்மென்ட்டைப் பெரும்பாலும் வெறும் ஒட்டுண்ணி என்றே எழுதியது.

சொல்லை வைத்துச் சண்டை, அந்த 177 ஊர்களில் ஒன்றான மில்டனிலும் நடந்தது. அங்கே ஓடுவது 1940களின் பழைய டிராம், ஒற்றைப் பெட்டி. இதை ‘விரைவுப் போக்குவரத்து’ என்று கணக்கிட்டு எங்கள் தலையில் கூடுதல் வீடுகளைக் கட்டுவதா என்று எதிர்த்தரப்பு கேட்டது. ஊர்மன்றம் ஏற்ற திட்டத்தை 2024 பிப்ரவரி வாக்கெடுப்பில் மக்கள் தள்ளிவிட்டார்கள். மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்டார். 2025 ஜனவரியில் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனால் வழிகாட்டு விதிகள் முறைப்படி வெளியிடப்படவில்லை என்றது. மாநிலம் அவற்றை அவசர விதிகளாக மறுபடி வெளியிட்டது.

சரி, அந்த முதல் வாக்கியம்? நான் திருத்தி அனுப்பியது இது: ‘ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பல குடித்தன வீடுகள் கட்ட இடம் தரும்படி ஊர்கள் தங்கள் நிலப் பயன்பாட்டு விதியை மாற்றியாக வேண்டும் என்கிறது மாநிலச் சட்டம்.’ கொஞ்சம் நீளம்தான்.