மேக்கப் கலைக்கும் எண்ணெய்: கழுவினால் போகிறதா என்று பாருங்கள்

தாடை ஓரத்திலும் நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலும் பொடிப்பொடியாகப் பருக்கள். கன்னம் மட்டும் சுத்தமாக இருக்கும். இப்படியொரு முகத்தைப் பார்த்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, "ராத்திரி மேக்கப்பை எதைப் போட்டுக் கலைக்கிறீங்க?" பல சமயம் ஏதோ ஓர் எண்ணெயின் பெயரைச் சொல்வார்கள். முகம் கழுவும்போது தண்ணீர் சரியாகப் படாத இடங்கள் இவை. எண்ணெய் அங்கேதான் மிச்சமாக நின்றுவிடுகிறது.

"அப்போ எண்ணெயே வேண்டாமா டாக்டர்?" என்பார்கள். தாராளமாகப் பயன்படுத்தலாம். வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவிலும் நாள் முழுக்க நிற்கும் ஃபவுண்டேஷனிலும் மெழுகும் சிலிக்கோனும் இருக்கின்றன. வியர்வையும் தண்ணீரும் கரைக்காதபடி செய்யப்பட்ட பொருளை வெறும் தண்ணீரால் எப்படி எடுப்பது? போகவில்லையே என்று அழுத்தித் தேய்ப்பதில்தான் கேடு. கண்ணிமைத் தோல் மிக மெல்லியது. தினமும் பஞ்சு வைத்து உரசினால் சிவந்து எரியும், நாளடைவில் கருத்தும் போகும். எண்ணெய் மெழுகைக் கரைத்துவிடுவதால் உரசும் வேலையே குறைகிறது.

சமையலுக்கும் தலைக்கும் வைத்திருக்கும் எண்ணெயும், க்ளென்சிங் ஆயில் என்று விற்கும் எண்ணெயும் ஒன்றல்ல. இரண்டாவதில் பால்மமாக்கி சேர்த்திருப்பார்கள். தண்ணீர் பட்டதும் எண்ணெயை நுண்துளிகளாக உடைத்துத் தண்ணீரோடு கொண்டுபோவது அதன் வேலை. புறங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து, கொஞ்சம் தண்ணீர் சேருங்கள். பால் போல வெளுத்து, கழுவியபின் பிசுக்கில்லாமல் போனால் சரி. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு, தோல் வழவழப்பாகவே இருந்தால் அது முகத்திலும் அப்படியேதான் தங்கும். நான் எந்தப் புட்டியையும் முதலில் இப்படித்தான் சோதிப்பேன். லேபிளில் பாலிசார்பேட், பெக்-20 கிளிசரில் ட்ரைஐசோஸ்டியரேட் போன்ற பெயர்கள் இருந்தால் பால்மமாக்கி இருக்கிறது என்று பொருள். வாயில் நுழையாத பெயர் என்று பயப்பட வேண்டாம், உங்கள் முகத்திலிருந்து எண்ணெயை இறக்குவது அதுதான்.

"இயற்கை எண்ணெய்தானே, கெடுதல் செய்யாதே" என்ற நம்பிக்கையோடுதான் நான் அதிகம் வாதாட வேண்டியிருக்கிறது. தேங்காய் எண்ணெய் தங்கினால், பரு வரும் முகத்தில் துளைகளை அடைக்கக்கூடும். ஆலிவ் எண்ணெயில் மிகுந்திருக்கும் ஓலிக் அமிலம் தோலின் பாதுகாப்பு அரணைத் தளர்த்தும். மாறாக, பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது என்று எல்லோரும் திட்டும் மினரல் ஆயில், அழகுசாதனத் தரத்துக்குச் சுத்திகரிக்கப்பட்டதாக இருந்தால், பெரும்பாலான தோலுக்குச் சாதுவானது, கெட்டும் போகாது. உணர்திறன் மிகுந்த தோலுக்கு நான் வாசனை சேர்க்காததையே சொல்வேன். நறுமண எண்ணெய்களில் உள்ள லிமோனீன், லினலூல் போன்றவை காற்றுப்பட்டு மாறும்போது ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. திறந்த புட்டியை மாதக்கணக்கில் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

'நான்-காமெடோஜெனிக்', அதாவது துளையை அடைக்காது, என்ற முத்திரையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அதற்குப் பொதுவான சட்ட வரையறை கிடையாது. எந்த எண்ணெய் எவ்வளவு அடைக்கும் என்று இணையத்தில் சுற்றும் மதிப்பெண் பட்டியல்களுக்கு ஆதாரம் முயல் காதில் செய்த பழைய சோதனைகள். அந்தத் தோல் நம்முடையதைவிட எளிதில் அடைபடும். தவிர, தனி எண்ணெய்க்குக் கிடைத்த மதிப்பெண், கழுவிவிடும் கலவையில் அது சிறிதளவு இருக்கும்போது பொருந்தாது.

பயன்படுத்தும் முறை தவறினால் நல்ல எண்ணெயும் வீண். கையும் முகமும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரக் கையால் எடுத்தால் மேக்கப்பைக் கரைக்கும் முன்பே பாலாகிவிடும். ஒரு நிமிடத்துக்குள் விரல் நுனியால் மெதுவாகத் தடவி முடியுங்கள். பிறகு கொஞ்சம் தண்ணீர் தொட்டு, முகத்திலேயே பாலாகும்வரை தேய்த்து, வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். முடியோரம், தாடைக்குக் கீழ், மூக்கின் மடிப்பு மூன்றுக்கும் தனியாகத் தண்ணீர் போகட்டும். கான்டாக்ட் லென்ஸை முதலிலேயே கழற்றிவிட வேண்டும். எண்ணெய் படிந்தால் பார்வை மங்கும், கண் உறுத்தும். பின்னர் மென்மையான ஃபேஸ்வாஷ் எண்ணெய்ப் பசைத் தோலுக்கு நல்லது. வறண்ட தோலில், எண்ணெய் முழுதாகப் போய்விட்டால், அது கட்டாயமில்லை.

புதிய எண்ணெயால் துளை அடைபட்டுப் பரு வருவதற்குச் சில வாரங்கள் ஆகும். அதனால்தான் முந்தின நாள் சாப்பாட்டைச் சந்தேகிப்பவர்கள் எண்ணெயைச் சந்தேகிப்பதில்லை. எரிச்சலும் அரிப்பும் வந்தால் அன்றே நிறுத்துங்கள். நெற்றியில் ஒரே அளவில், அரிப்போடு சின்னச் சின்னக் கொப்புளங்கள் கிளம்பினால், கடையில் கிடைக்கும் பரு க்ரீமைத் தடவிக்கொண்டு காத்திருக்காதீர்கள். தோலில் இயல்பாகவே வாழும் மலசீசியா என்ற பூஞ்சை முடிக்கால்களில் பெருகியிருக்கலாம். அது எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களை உண்டு வளர்வது. பருவுக்குத் தரும் ஆன்டிபயாடிக் அதை அடக்காது, அதிகமாகவும் ஆக்கலாம். எண்ணெயை நிறுத்திவிட்டு, அந்தப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள்.