மொட்டைமாடித் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும்

ஐப்பசியில் அடைமழை பிடித்துவிட்டால் சிறு நகராட்சிகளின் புகார் எண்ணுக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். “பாதாளச் சாக்கடை பொங்குகிறது, வந்து அடைப்பை எடுங்கள்.” அழுத்தமாகத் தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பை நீக்கும் ஜெட்ராடிங் வண்டி போகும். குழாயை அலசிப் பார்த்தால் அடைப்பு இருக்காது. மழை விட்ட மூன்று, நான்கு மணி நேரத்தில் பொங்கிய தண்ணீர் தானே வடிந்துவிடும். வண்டி வந்ததால்தான் சரியாயிற்று என்று தெருவில் நினைத்துக்கொள்வார்கள். அடுத்த மழைக்கு மறுபடியும் அழைப்பார்கள்.

கழிவுநீர்த் திட்டங்களில் பல ஆண்டுகளாக வேலை பார்த்துவரும் பொறியாளன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். மழையின்போது மட்டும் பொங்கி, மழை விட்டதும் வடிகிறது என்றால் பெரும்பாலும் அடைப்பு காரணமில்லை. குழாய்க்குள் வரக் கூடாத தண்ணீர் வந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி நம் வீட்டு மொட்டைமாடிகளிலிருந்து இறங்குகிறது.

தமிழ்நாட்டுச் சிறு நகரங்களில் பாதாளச் சாக்கடை கழிவுநீருக்காக மட்டுமே போடப்படுகிறது. மழைநீருக்கு வடிகால் தனி. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் கொடுத்தால் அதில் 80 சதவீதம், அதாவது 108 லிட்டர், கழிவுநீராகத் திரும்பும் என்பது மத்திய அரசின் வடிவமைப்புக் கையேட்டில் உள்ள கணக்கு. 40,000 பேர் வாழும் ஊருக்கு இது நாளொன்றுக்குச் சுமார் 43 லட்சம் லிட்டர். காலை நேரத்தில் எல்லா வீட்டிலும் ஒன்றாகக் குளித்துத் துவைத்துப் பாத்திரம் கழுவுவார்கள் என்பதால், உச்ச நேர ஓட்டத்தைச் சராசரியைப் போல இரண்டரை மடங்காகக் கொள்கிறோம். அது மணிக்கு நாலரை லட்சம் லிட்டர். மண்ணிலிருந்து கசியும் நீருக்காக இன்னும் கொஞ்சம் சேர்ப்போம். மழைக்கென்று அதில் இடமே கிடையாது.

இனி மாடிக்கு வாருங்கள். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரு மணி நேரத்தில் 25 மி.மீ. மழை பெய்தால் சுமார் 2,300 லிட்டர் தண்ணீர் விழும். ஐந்து பேர் உள்ள குடும்பம் நான்கு நாட்களில் வெளியேற்றும் கழிவுநீரைவிட இது அதிகம். அந்த ஊரில் 8,000 வீடுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நாற்பதில் ஒரு வீடு, அதாவது வெறும் 200 வீடுகள், மாடிக் குழாயைச் சாக்கடை இணைப்பில் விட்டிருந்தாலே ஒரு மணி நேரத்தில் 4,60,000 லிட்டர் இறங்கிவிடும். ஊர் முழுவதும் காலை உச்ச நேரத்தில் அனுப்பும் அளவு அது. பத்தில் ஒரு வீடு என்றால் அதைப் போல நான்கு மடங்கு. கழிவுநீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ளும் எந்தச் சிறு நகரத்து பம்பும் இதைத் தாங்காது. வடகிழக்குப் பருவமழையில் மணிக்கு 25 மி.மீ. என்பது அபூர்வமான மழையும் அல்ல. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியதே, அப்படிப்பட்ட நாளை நான் இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. ஆண்டுதோறும் வரும் சாதாரண மழைக்கே நிலைமை இது.

இதில் என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. மாடித் தண்ணீரைச் சாக்கடையில் விடுபவர் வீட்டில் எதுவும் பொங்குவதில்லை. தண்ணீர் பள்ளம் தேடும். மேட்டுத் தெருவில் இறங்கியது ஊரின் தாழ்ந்த மூலையில்தான் மேலே வரும். காவிரி டெல்டாவில் ஒரு நகராட்சியில், வாய்க்கால் ஓரத்துத் தெரு ஒன்றில் ஓர் அம்மாவின் வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். ஓட்டு வீட்டை ஒட்டி ஒரு சிறிய குளியலறை. அதன் தரை ஜாலியின் மேல் சிமென்ட் சாக்கில் மணல் கட்டி வைத்திருந்தார். சுவரில் கணுக்கால் உயரத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு. “வானம் இருட்டினாலே மூட்டையை எடுத்து வைத்துவிடுவேன் தம்பி. கக்கூஸ் கோப்பைக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை” என்றார். அவருடைய வீட்டுக்கு மாடியே கிடையாது. மேலே நான்கு தெருக்கள் தள்ளியிருந்த மாடி வீடுகளின் தண்ணீர்தான் அவர் வீட்டுக் கழிப்பறை வழியாக வந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரர்களுக்கு அது தெரியாது என்பதும் உண்மை. இப்படிப்பட்ட வீடுகளுக்கு இணைப்பில், தண்ணீரை ஒரே பக்கமாக மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்தலாம். ஆனால் அது மூடியிருக்கும் நேரத்தில் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. அதை ஒரு தற்காலிக உதவி என்று மட்டும்தான் சொல்வேன்.

மாடிக் குழாயை ஏன் சாக்கடையில் விடுகிறார்கள்? பல வீடுகளில் உரிமையாளர் முடிவு செய்வதே இல்லை. கொத்தனாருக்கோ பிளம்பருக்கோ பக்கத்தில் இருக்கும் குழாய் அதுதான். இரண்டு எல்போ (குழாயை வளைக்கும் துண்டு) போட்டு முடித்துவிடுகிறார். பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் அடிக்கிறது என்ற சண்டைக்குப் பயந்து விடுபவர்களும் உண்டு. இன்னொரு காரணத்தை அதிகாரிகள் பேச விரும்புவதில்லை. பழைய சாலையின் மேலேயே புதிய சாலையைப் போட்டுப் போட்டு, பல தெருக்களில் வீட்டு முற்றம் சாலையைவிடத் தாழ்ந்துவிட்டது. முற்றத்தில் நிற்கும் மழைநீர் வெளியேற வழியில்லை. பக்கத்தில் இருக்கும் ஒரே துளை, வீட்டுக் கழிவுநீர் தெருக் குழாய்க்குப் போகும் முன் சேரும் சிறு தொட்டியான கழிவுநீர்ச் சேம்பர். அதில் வடித்துவிடுகிறார்கள். மழைநீர் வடிகாலே போடாத தெருவில் “இணைப்பைத் துண்டிப்போம், அபராதம் விதிப்போம்” என்று நோட்டீஸ் ஒட்டுவது நியாயமல்ல என்பது என் கருத்து. முதலில் வடிகால், பிறகு நோட்டீஸ்.

சாலை உயர்வதால் ஆள்நுழைவுக் குழி (மேன்ஹோல்) மூடிகளுக்கும் கேடு. தார் ஒவ்வொரு முறை ஏறும்போதும் மூடி இருந்த இடத்திலேயே தங்கிவிடுகிறது. அதைச் சுற்றி ஒரு தாம்பாளம் போலப் பள்ளம் உருவாகிறது. மழையில் தெருத் தண்ணீர் அங்கேதான் சேரும். மூடியைத் தூக்குவதற்காக விட்டிருக்கும் ஓர் அங்குலத் துளையின் மேல் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அந்த ஒரு துளை வழியாக மணிக்குச் சுமார் 700 லிட்டர் உள்ளே இறங்கும். விளிம்பு உடைந்த மூடி என்றால் கணக்கே வேறு. புதிய சாலை போடும் முன் பழைய தாரைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் கண்டிப்பாக அறிவுறுத்தியது. உங்கள் தெருவில் சாலை போடும் நாளில் அது நடக்கிறதா என்று நின்று கேளுங்கள். கேட்கும் தெருவில் வேலை ஒழுங்காக நடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. தெருவில் தண்ணீர் தேங்கியதும் இளைஞர்கள் கடப்பாரையால் ஆள்நுழைவுக் குழியின் மூடியை நெம்பித் திறந்துவிடுவார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். தண்ணீரோடு மணல், பிளாஸ்டிக் பை, தேங்காய் மட்டை எல்லாம் உள்ளே போகும். கலங்கிய தண்ணீருக்கு அடியில் திறந்த குழி இருப்பது நடந்து வருபவருக்குத் தெரியாது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். செய்பவரைப் பார்த்தால் தடுங்கள்.

ஊரில் எங்கே தண்ணீர் நுழைகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவிகள் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் தடயம் பம்பிங் ஸ்டேஷன் ஆபரேட்டரின் மேசையில் இருக்கிறது. மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், கழிவுநீர் சேரும் கிணற்றின் மட்டம், மின்தடை எல்லாம் எழுதிய நீளமான பதிவேடு அது. தணிக்கைக்காக மட்டும் அதைப் புரட்டும் ஊர்களில் அதன் அருமை தெரிவதில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு மழைமானி வைத்து, மழையளவையும் மோட்டார் ஓடிய மணிகளையும் அருகருகே எழுதிப் பாருங்கள். காய்ந்த நாளில் ஒன்பது மணி நேரம் ஓடும் மோட்டார் மழை நாளில் நிற்காமல் ஓடி, மழை விட்ட சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டால், தண்ணீர் மாடிக் குழாய்கள் வழியாகவும் மூடிகள் வழியாகவும் வருகிறது. மழை நின்று ஒரு வாரமாகியும் ஓட்டம் குறையவில்லை என்றால் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து குழாய் மூட்டுகளில் கசிகிறது. டெல்டாவில் வாய்க்கால்களில் தண்ணீர் ஓடும் காலத்தில், மழையே இல்லாமலும் இதைப் பார்க்கலாம். சிமென்ட் கலவையால் மூட்டு போட்ட பழைய பீங்கான் குழாய்களும், பூச்சு உதிர்ந்த செங்கல் குழிகளும்தான் இதற்குப் பெரும்பாலும் காரணம்.

எந்த நிலையத்தில் அதிகம் என்று தெரிந்ததும் அந்தப் பகுதியைத் தெருத் தெருவாகச் சுருக்க வேண்டும். அதிகாலை 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் வீடுகளில் தண்ணீர்ப் புழக்கம் மிகக் குறைவு. அப்போது மூடியைத் திறந்து, மேலேயே நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் குழாயில் தெளிந்த தண்ணீர் சலசலத்து ஓடினால் அது மண்ணிலிருந்து கசிந்த நீர். மாடி இணைப்புகளைக் கண்டுபிடிக்கப் புகைச் சோதனை உதவும். இரண்டு குழிகளுக்கு இடைப்பட்ட குழாயின் இரு முனைகளையும் அடைத்து, தீங்கில்லாத புகையை ஊதி அனுப்பினால், தவறாக இணைத்த மாடிக் குழாயின் வாயில் அது வெளியே வரும். தெருவில் எல்லோரும் தங்கள் கண்ணால் பார்ப்பதால் வாக்குவாதத்துக்கு இடமே இருக்காது. முந்தைய நாளே வீடுவீடாகச் சொல்லிவிட வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் தீப்பிடித்துவிட்டது என்று ஊர் பதறும். நடுவில், வாடை மேலே வராமல் தடுக்கத் தண்ணீர் நிற்கும் வளைவு (டிராப்) இருந்தால் புகை தாண்டாது. அந்த வீடுகளில் சாயத் தண்ணீரை மாடியில் ஊற்றி, தெருக் குழியில் நிறம் வருகிறதா என்று பார்ப்பதே வழி.

“பெரிய குழாயாகப் போட்டுவிட்டால் என்ன?” என்று வார்டு கூட்டங்களில் தவறாமல் கேட்பார்கள். கழிவுநீர்க் குழாய் தன்னைத் தானே கழுவிக்கொள்ள வேண்டுமானால் அதில் தண்ணீர் விநாடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும். மழைக்காகக் குழாயைப் பெரிதாக்கினால், ஆண்டின் மற்ற நாட்களில் கழிவுநீர் அதன் அடியில் மெல்லியதாக ஊர்ந்து, மணலும் மலமும் படிந்து, உண்மையான அடைப்பே உருவாகும். கழிவுநீரையும் மழைநீரையும் ஒரே குழாயில் கொண்டுபோகும் பழைய முறை லண்டனில் இருக்கிறது. மழை பெய்தால் தேம்ஸ் ஆற்றில் கழிவு கலப்பதைத் தடுக்க, அவர்கள் ஆற்றின் போக்கிலேயே 25 கி.மீ. நீளச் சுரங்கம் ஒன்றைத் தோண்ட வேண்டியிருந்தது. நம் நகராட்சிகளால் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. நம் ஊர்களில் இரண்டும் தனித்தனியாகவே திட்டமிடப்பட்டவை. அவற்றைக் கலக்காமல் காப்பதுதான் நமக்குக் கட்டுப்படியாகும்.

மழை நின்ற பிறகும் பாதிப்பு தொடர்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவைத் தின்று சுத்தப்படுத்தும் நுண்ணுயிர்கள், திடீரென்று வரும் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விடும். அவை மீண்டும் பெருகச் சில வாரங்கள்கூட ஆகும். அதுவரை அரைகுறையாகச் சுத்தமான தண்ணீர்தான் ஆற்றுக்கோ ஏரிக்கோ போகும். குழாயில் தங்கிய மணல் தை, மாசி மாதங்களில் இறுகி அடைப்பாகும். அப்போது அதை எடுக்க ஒரு மனிதரைத் தேடுகிறார்கள்.

கையால் மலம் அள்ளுவதற்குத் தடை விதிக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதைத் தடை செய்கிறது. 2014-இல் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. சாவுகள் நிற்கவில்லை. தேங்கிய கழிவைக் கிளறும்போது எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, அடர்த்தி கூடினால் மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். வாடை போய்விட்டது என்று உள்ளே இருப்பவர் நினைக்கும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். மாடியிலிருந்தும் திறந்த மூடி வழியாகவும் போகும் ஒவ்வொரு சட்டி மணலும் யாரோ ஒருவரை அந்தக் குழியின் வாய்க்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. இயந்திரம் வரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். “ஒரு நிமிடம் இறங்கிப் பார்” என்று யார் சொன்னாலும், எவ்வளவு அவசரம் என்றாலும், தெருவே கூடி நின்று மறுக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் இணைப்பு எப்படி இருக்கிறது என்று தெரியவில்லையா? இரண்டு குடம் தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள்தூள் கலந்து மாடிக் குழாயில் ஊற்றுங்கள். கீழே வீட்டுச் சேம்பரின் மூடியைத் திறந்து, சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். மஞ்சள் நிறம் அங்கே வந்தால் குழாயை மாற்றியாக வேண்டும். ஒரு எல்போ, சில அடி நான்கு அங்குல பிவிசி குழாய், பிளம்பருக்கு அரை நாள் வேலை. அந்தத் தண்ணீரை மழைநீர்ச் சேகரிப்புக் குழியில் விடுங்கள். 2003-இலேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. குழி இருந்தும் மண் மூடிக் கிடந்தால் மேல் மணலை அள்ளிவிட்டுப் புதிய ஜல்லியும் மணலும் நிரப்புங்கள். குழி நிரம்பி வழியும் தண்ணீர் மழைநீர் வடிகாலுக்குப் போகும்படி வாட்டம் வையுங்கள். பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கிவிடும். அதன் பிறகு பிளம்பர் கிடைப்பது கடினம், செப்டம்பரிலேயே கூப்பிட்டுவிடுங்கள்.