மார்கழியில் வெங்கிணாந்திக்குத் தீத்தாதீர்கள்

போன வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணியிருக்கும், மழை விட்டும் விடாத நேரம். இரண்டு பொடியன்கள் மோட்டார் சைக்கிளில் ஓர் உரப்பையைக் கொண்டுவந்து என் வீட்டு விறாந்தையில் வைத்தார்கள். "டொக்டர், ஆறு கிழமையா ஒண்டும் தின்னேல்லை. நேற்று நாங்களே தீத்திப் பாத்தம்."

பைக்குள் எட்டடி வெங்கிணாந்தி, அதாவது மலைப்பாம்பு. கீழ் உதடு கிழிந்திருந்தது, முரசில் கோழி இறகொன்று ஒட்டிக் கிடந்தது, வாயோரத்தில் நுரை. மூச்சு விடும்போது ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு சத்தம். கரண்டிக் காம்பால் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டு, கோழிக்காலைத் தடியால் உள்ளே தள்ளியிருக்கிறார்கள். ஞாயிறு விடிய அது செத்துப்போனது. இந்த மாரியில் இது எனக்கு நான்காவது. மாடும் ஆடும் பார்க்கவே நேரம் போதாத ஆள் நான், ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

குளிரால்தான் பாம்பு தின்னாமல் கிடக்கிறது என்று நான் சொன்னால், "வன்னியில எங்க ஐயா குளிர்?" இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சரி, பொறுமையாகவே சொல்கிறேன். மார்கழி, தை இரவுகளில் இங்கே சில நாட்கள் 20, 21 பாகை வரை இறங்கும். நமக்கு அது போர்வையோடு போய்விடும், ஏனென்றால் நம் உடம்பு தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பாம்புக்கு அது முடியாது. விழுங்கிய இரை ஒழுங்காகச் செரிக்க அதற்குக் கிட்டத்தட்ட 30 பாகை சூடு வேண்டும். காட்டில் என்றால் மழை இரவில் புற்றுக்குள் போய்விடும், வெயில் வந்ததும் வரம்பில் ஏறிக் காயும், தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். நீங்கள் அதைக் கோழிக்கூட்டுச் சீமெந்துத் தரையில், வாடைக்காற்று நேரே அடிக்க, நனைந்த தறப்பாளுக்குக் கீழே போட்டு வைத்திருக்கிறீர்கள். அது எங்கே போகும்? சாப்பிட்டால் வயிற்றுக்குள்ளேயே அழுகும் என்பதை அதன் உடம்பு அறியும், அதனால்தான் வாயை மூடிக்கொள்கிறது. இது நோய் இல்லை, கோபித்துக்கொண்டு பட்டினி கிடப்பதும் இல்லை. வளர்ந்த வெங்கிணாந்தி மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. மார்கழி தொடங்கி மாசி வரை இவை இணைசேரும் காலம். அந்த நாட்களில் ஆண் இரையைத் திரும்பியும் பார்க்காது. பெண் முட்டையிட்ட பிறகு ஏறக்குறைய இரண்டு மாதம் முட்டைகளைச் சுற்றிக்கொண்டு கிடக்கும், அப்போதும் சாப்பாடு கிடையாது. கண் பால் பூத்தாற்போல் மங்கியிருந்தால் சட்டை கழற்றப்போகிறது, ஒரு கிழமை தொடாதீர்கள்.

தீத்துவது ஏன் கொல்லும்? பாம்பின் மூச்சுக்குழல் வாசல் வாயின் அடித்தளத்திலேயே, நாக்குக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. தள்ளுகிற இறைச்சியின் சாறோ, ஊற்றுகிற பாலோ நேரே நுரையீரலுக்குப் போகும். (பால் பாம்பின் உணவே இல்லை, அதைப் பற்றி மேலே பேச எனக்குப் பொறுமை இல்லை.) தப்பித்தவறி இரை வயிற்றுக்குப் போனாலும் ஆபத்துத்தான். பெரிய இரையை விழுங்கிய இரண்டு நாளுக்குள் பர்மிய வெங்கிணாந்தியின் இதயம் 40 வீதம் வரை பெருக்கும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். ஓர் இரையைச் செரிப்பது அவற்றுக்கு அவ்வளவு பெரிய வேலை. குளிர்ந்து கிடக்கிற உடம்பில் அந்த வேலையை ஏற்றாதீர்கள்.

உயிரோடு எலியையோ கோழியையோ கூட்டுக்குள் விட்டுவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். பசியில்லாத பாம்பை எலி விடியும்வரை கடித்துத் தின்னும், முதுகெலும்பு தெரியத் தின்ற ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். சூடு காட்டுகிறோம் என்று கூட்டுக்குள் குண்டு பல்பைத் தொங்கவிடாதீர்கள். பாம்பு அதைச் சுற்றிக்கொள்ளும், தோல் வெந்தாலும் விலகாது.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற நம் பிள்ளைகள் சிலர் அனுமதியோடு போல் பைதன் என்கிற சிறிய மலைப்பாம்பை வளர்க்கிறார்கள், அவர்களும் இதே கேள்வியோடு வீடியோ கோல் எடுக்கிறார்கள். தம்பிமாரே, முதலில் தேர்மோமீட்டரைப் பாம்பு படுக்கிற இடத்தில் வைத்துப் பாருங்கள், சுவரில் மாட்டி வைத்துப் பார்க்காதீர்கள். கிழமைக்கொரு தரம் நிறுங்கள். நிறை அப்படியே நின்றால் விட்டுவிடுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. வெங்கிணாந்தி பாதுகாக்கப்பட்ட உயிர், வீட்டில் வைத்திருப்பது இலங்கையின் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். உங்களைப் பிடித்துக் கொடுப்பது என் வேலையில்லை. அந்தப் பொடியன்கள் மேலும் எனக்குக் கோபம் இல்லை. வெள்ளத்தில் அள்ளுண்டு வந்ததை வெட்டாமல் தூக்கி வந்தவர்கள் அவர்கள், ஆறு கிழமையும் நாள் தவறாமல் இரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தூக்கிய அன்றைக்கே ஒரு போன் எடுத்திருந்தால் அது இன்றைக்கு ஏதாவதொரு குளக்கட்டுப் பற்றைக்குள் கிடந்திருக்கும்.

இதை வாசிக்கிற யாருடைய வளவிலாவது இப்போது ஒன்று இருந்தால், விடிந்ததும் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு எடுங்கள். அவர்கள் வரும்வரை காய்ந்த சாக்கு ஒன்று, கவிழாத சட்டியில் தண்ணீர், காற்றுப் படாத மூலை, இவ்வளவும் போதும். வாயைத் திறக்க வேண்டாம், கும்பிட்டுக் கேட்கிறேன்.