சிப்பிங்: ஆங்கிலேயச் சந்தை நகரத்தின் பெயரும் அதற்குரிய தமிழும்

சிப்பிங் நார்ட்டன், சிப்பிங் சாட்பரி, சிப்பிங் ஓங்கர், சிப்பிங் கேம்டன். இங்கிலாந்தில் இப்படி ஒரே முன்னொட்டோடு பல ஊர்கள் இருக்கின்றன. செதுக்குவதையும் சில்லையும் குறிக்கும் இன்றைய ஆங்கிலச் சொல்லும் அதே உருவில் இருப்பதால், கல் உடைக்கும் ஊர்கள் போலிருக்கிறது என்று எண்ணத் தோன்றும். அந்தச் சொல்லுக்கும் இந்த முன்னொட்டுக்கும் உறவில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘சேப்பிங்’ என்றால் சந்தை, சந்தை கூடும் இடம். அது நாளடைவில் ‘சிப்பிங்’ ஆயிற்று.

இதன் வேர் ‘சேயாப்’ என்ற சொல். வாங்குவது, விற்பது, பேரம் பேசுவது எல்லாம் அதில் அடக்கம். இன்று மலிவைக் குறிக்கும் ‘சீப்’ என்ற சொல்லும் இந்த வேரிலிருந்து வந்ததுதான். முதலில் அது மலிவைக் குறிக்கவில்லை. ‘குட் சீப்’ என்று சேர்த்துச் சொன்னபோதுதான் ‘நல்ல பேரம்’ என்று பொருள். காலப்போக்கில் ‘குட்’ உதிர்ந்துபோய், மிஞ்சிய சொல்லே குறைந்த விலையைக் குறிக்கத் தொடங்கியது. லண்டனில் உள்ள சீப்சைட், ஈஸ்ட்சீப் ஆகியவை இடைக்காலத்தின் பெரிய கடைத்தெருக்கள். மலிவுக்கும் அந்தப் பெயர்களுக்கும் தொடர்பில்லை. சாப்மன் என்ற குடும்பப்பெயருக்கு வணிகன் என்று பொருள்.

கடல் கடந்தும் இந்தக் குடும்பத்துக்கு உறவினர் உண்டு. வாங்குவதற்கு ஜெர்மன் மொழியில் ‘காவுஃபென்’ என்பார்கள். சுவீடனின் நோர்ஷேப்பிங், லின்ஷேப்பிங் நகரங்களின் பெயர் ஈறும், வணிகர் துறைமுகம் என்று பொருள்படும் கோப்பன்ஹேகனின் முதற்பகுதியும் இதே வேரைச் சேர்ந்தவை. சிறுவணிகனையும் சத்திரக்காரனையும் குறிக்கும் ‘காவுப்போ’ என்ற லத்தீன் சொல்லை, ரோமானிய வணிகர்களோடு பழகிய ஜெர்மானிய மக்கள் வாங்கிக்கொண்டதுதான் இத்தனைக்கும் தொடக்கம் என்பது சொல்லாய்வாளர்களின் பொதுவான முடிவு. இதற்கு நேர்மாறாக, டார்செட்டில் உள்ள பிளாண்ட்ஃபோர்டு, முன்பு ‘சேப்பிங்’ சேர்த்து அழைக்கப்பட்டிருந்தும், சந்தைக்குரிய லத்தீன் சொல்லைப் பின்னால் சூட்டிக்கொண்டு பிளாண்ட்ஃபோர்டு ஃபோரம் ஆகிவிட்டது.

ஒரு சொல் ஊர்ப்பெயரில் எப்படி ஏறுகிறது, ஏறியபின் அந்த ஊரை எங்கெல்லாம் கொண்டு சேர்க்கிறது என்று பார்க்கச் சிப்பிங் கேம்டனைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. குளோஸ்டர்ஷயரில், காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகளின் வடக்கு விளிம்பில் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் வரும் ‘ப்’ ஒலியில் வராது. கேம்டன் என்றே சொல்ல வேண்டும். மக்கள்தொகை இன்றும் இரண்டாயிரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

1086-இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே கணக்கெடுப்பில் இந்த ஊர் வெறும் ‘காம்பெடெனே’. வேலியடைத்த வயல்கள் உள்ள பள்ளத்தாக்கு என்பது அதன் பொருள். அப்போது சிப்பிங் இல்லை. சந்தையும் ஊர்ப்பெயரில் ஏறவில்லை. 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதை ஆண்ட பண்ணைத் தலைவர் ஹியூ டி கொண்டெவில், அரசர் இரண்டாம் ஹென்றியிடமிருந்து சந்தை கூட்டும் உரிமையைப் பெற்றார். அதன் பிறகுதான் கேம்டன் என்ற பெயருக்கு முன்னால் அந்த அடைமொழி நிலைபெற்றது.

இந்த உரிமைதான் விஷயத்தின் மையம். இடைக்கால இங்கிலாந்தில் நாலு பேர் கூடிக் காய்கறி விற்றால் அது சந்தை ஆகிவிடாது. சந்தை என்பது அரசர் கொடுக்கும் பட்டயம். எந்தக் கிழமையில் கூடலாம், ஆண்டுச் சந்தை எந்தப் புனிதரின் திருநாளை ஒட்டி எத்தனை நாள் நடக்கலாம் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். பட்டயம் பெற்ற தலைவருக்குச் சுங்கமும் கடைவாடகையும் வரும். வழக்குகளில் தண்டமும் வரும். பக்கத்து ஊர்க்காரர் புதிதாகச் சந்தை தொடங்கி வருமானத்தைக் கெடுத்தால் வழக்குப் போடலாம். எவ்வளவு தூரத்தில் இருந்தால் கெடுதல் என்பதற்கு 13-ஆம் நூற்றாண்டுச் சட்டநூலான பிராக்டன் ஒரு கணக்குச் சொல்கிறது. ஒரு மனிதன் ஒரு நாளில் நடக்கக்கூடிய தூரம் 20 மைல். அந்த நாளை மூன்றாகப் பிரித்தால், போவதற்கு ஒரு பங்கு, வாங்கி விற்பதற்கு ஒரு பங்கு, வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்ப ஒரு பங்கு. ஆகவே இரண்டு சந்தைகளுக்கு இடையே ஆறே முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவாகவாவது இடைவெளி இருக்க வேண்டும். நடந்துவரும் உழவனின் காலை அளவுகோலாக வைத்து ஒரு சட்டம் எழுதப்பட்டிருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

காலைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆண்டுச் சந்தைகளில் வெளியூர் வணிகர்களின் வழக்குகளை அங்கேயே, அவர்கள் ஊரைவிட்டுப் போவதற்குள் தீர்க்கும் மன்றங்கள் இருந்தன. ‘பைபவுடர்’ மன்றம் என்று பெயர். புழுதி படிந்த கால்கள் என்ற பிரெஞ்சுத் தொடரின் சிதைவு அது. நடந்து வந்த வணிகன் காலைக்கூடக் கழுவாமல் நியாயம் கேட்கலாம். தமிழில் இதைப் ‘புழுதிக்கால் மன்றம்’ என்று தயங்காமல் எழுதலாம்.

பட்டயத்தோடு ஊரின் உருவமும் மாறியது. கேம்டனின் பெருந்தெரு வில்லாக வளைந்து நடுவில் அகன்றிருக்கிறது. அகன்ற இடத்தில்தான் சந்தை கூடியது. இருபுறமும் வீட்டுமனைகள். தெருவைப் பார்த்த முகப்பு குறுகலாகவும் பின்புறம் நீளமாகவும் இருக்கும், ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் சந்தையைப் பார்த்து ஒரு முகப்பு வேண்டும். மனையை வைத்திருந்தவர் தலைவருக்கு ஆண்டுக்கு ஒரு சிறு தொகையைப் பணமாகக் கட்டினால் போதும்; பண்ணையில் உடலுழைப்பு செய்யக் கடமைப்பட்டவர் அல்லர். மனையை விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். பண்ணை அடிமைத்தனம் சூழ்ந்த நாட்டில் இது பெரிய விடுதலை. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பிரித்த மனைகளின் அமைப்பை அந்தத் தெருவில் இன்றும் காணலாம்.

இந்தச் சந்தைக்குச் செல்வத்தைக் கொண்டுவந்தது ஆட்டு மயிர். காட்ஸ்வோல்ட்ஸ் ஆடுகளின் கம்பளி ஐரோப்பாவில் பேர்பெற்றது. ஃபிளாண்டர்ஸ் நெசவாளர்களும் இத்தாலிய வணிகர்களும் அதைத் தேடி வாங்கினார்கள். 1363-இல், பிரெஞ்சுக் கரையில் அப்போது ஆங்கிலேயர் வசமிருந்த கலே துறைமுகம் ஆங்கிலேயக் கம்பளி ஏற்றுமதிக்குரிய கட்டாயச் சந்தை ஆனது. கேம்டனில் வாழ்ந்த வில்லியம் கிரெவல் அந்த வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டி, அரசர் இரண்டாம் ரிச்சர்டுக்கே கடன் கொடுத்தவர். 1401-இல் இறந்த அவரை, தூய யாக்கோபு ஆலயத்தில் உள்ள பித்தளைப் பட்டயம் ‘இங்கிலாந்து முழுவதிலும் உள்ள கம்பளி வணிகர்களின் மலர்’ என்று புகழ்கிறது. ஏறத்தாழ 1380-இல் அவர் கட்டிய வீடு பெருந்தெருவில் இன்னும் நிற்கிறது.

போர்ச் செலவுக்காக அரசர்கள் கம்பளி ஏற்றுமதிக்குக் கடும் தீர்வை விதித்தார்கள். துணிக்கோ தீர்வை குறைவு. ஆகவே உள்நாட்டில் நெய்து துணியாக அனுப்புவது லாபம் ஆயிற்று. துணியைத் துவைத்து இறுக்கும் ஆலைகளுக்கு ஓடும் நீர் வேண்டும். அது தெற்கே ஸ்ட்ரவுட் பள்ளத்தாக்குகளில் இருந்தது. தொழில் அங்கே போனது. கேம்டன் அப்படியே நின்றுவிட்டது. அதன் பழமை அழியாமல் இருப்பதற்கு அந்தத் தேக்கமே பெரும் காரணம்.

அடுத்துக் கேம்டனுக்கு வந்த பெரும்புள்ளி பாப்டிஸ்ட் ஹிக்ஸ். அரச குடும்பத்துக்குப் பட்டு விற்றும் கடன் கொடுத்தும் செல்வந்தரானவர். அவர் கடை இருந்த தெரு லண்டன் சீப்சைட். ‘சேயாப்’ தெருவில் ஈட்டிய பொருளைச் ‘சேப்பிங்’ ஊரில் செலவிட்டார் என்பது தற்செயல்தான். ஆனால் இரண்டு பெயரும் ஒரே வேர் என்று தெரிந்தபின் அதைக் கடந்துபோக மனம் வரவில்லை. 1612-இல் முதியோருக்கு அறமனைகளும், 1627-இல் சந்தைக் கூடமும் கட்டிக்கொடுத்தார். வெண்ணெய், பாலாடைக்கட்டி, கோழி விற்பவர்கள் மழையில் நனையாமல் உட்கார ஒரு கூரை, நான்கு பக்கமும் வளைவுகள், கதவு கிடையாது. பிற்காலத்தில் கேம்டன் பிரபு என்று பட்டம் பெற்றார். லண்டன் கென்சிங்டனில் அவர் மாளிகை இருந்த மேடு இன்றும் கேம்டன் ஹில்தான். குளோஸ்டர்ஷயர் ஊரில் அவர் கட்டிய மாளிகையை மட்டும், உள்நாட்டுப் போரில் எதிரிகள் கைப்பற்றிவிடக் கூடாது என்று 1645-இல் அரசர் தரப்புப் படையே கொளுத்திவிட்டது.

கேம்டனுக்கும் தமிழருக்கும் உள்ள உறவு 20-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. 1902-இல் கட்டடக் கலைஞர் சி. ஆர். ஆஷ்பி, லண்டன் கிழக்குப் பகுதியில் நடத்திவந்த கைவினைஞர் சங்கத்தைக் குடும்பங்களோடு இங்கே அழைத்துவந்தார். ஆட்டுத்தெரு என்ற பெயருள்ள தெருவில் பழைய பட்டு ஆலை அவர்களின் பட்டறை ஆயிற்று. இவர்கள் வழியாக வந்தவர்தான் கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசுவாமி. 1877-இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை சர் முத்து குமாரசுவாமி இலங்கைச் சட்டசபையில் இருந்த தமிழர், பொன்னம்பலம் இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் தாய்மாமன். ஆனந்தரின் மனைவி எத்தலின் சகோதரர் ஆஷ்பியின் சங்கத்தில் நகைக் கலைஞர். கேம்டனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள பிராட் கேம்டனில், பாழடைந்திருந்த நார்மன் காலத்துச் சிற்றாலயம் ஒன்றை ஆஷ்பி வீடாகப் புதுப்பித்துக் கொடுக்க, 1907-இல் தம்பதியர் அங்கே குடியேறினார்கள்.

இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய குமாரசுவாமியின் பெருநூல் 1908-இல் அந்த வீட்டிலேயே அச்சானது. மொத்தம் 425 பிரதிகள். ஆங்கிலேயக் கைவினை இயக்கத்தின் முன்னோடியான வில்லியம் மாரிஸின் கெல்ம்ஸ்காட் அச்சகத்திலிருந்து ஆஷ்பியிடம் வந்த அச்சுப்பொறியில், குமாரசுவாமியின் நேரடி மேற்பார்வையில் அச்சிட்டார்கள். கண்டியக் கைவினைஞர்களின் உலகம் ஆங்கிலேய ஆட்சியில் கண்ணெதிரே கரைவதைப் பார்த்துவிட்டு வந்தவர், ஆலைத் தொழிலால் தன் கைவினையை இழந்த இங்கிலாந்தின் சந்தை நகரம் ஒன்றின் அருகில் அமர்ந்து அதை எழுதி முடித்தார். நடராசர் வடிவத்தின் பொருளை மேலைநாட்டாருக்கு விளக்கியவர் என்று மட்டும் அவரை அறிந்தவர்கள், இந்தக் காட்ஸ்வோல்ட்ஸ் ஆண்டுகளையும் அறிந்துகொள்ள வேண்டும்.

இனித் தமிழுக்கு வருவோம். ‘மார்க்கெட் டவுன்’ என்பதைச் சிலர் சந்தையூர் என்றும், சிலர் அங்காடி நகர் என்றும், பெரும்பாலோர் சந்தை நகரம் என்றும் எழுதுகிறார்கள். அங்காடி பழமையான சொல். மதுரைக்காஞ்சி மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் பாடுகிறது. ஆனால் அங்காடி நாள்தோறும் திறந்திருக்கும் கடைவீதி. குறித்த கிழமையில் கூடிக் கலைவதற்குச் சந்தை என்பதே நம் மக்களின் சொல். கேம்டனில் கூடியது சந்தை.

அப்படியானால் ஊரா, நகரமா? இரண்டாயிரம் பேர் வாழும் இடத்தை நகரம் என்பது மிகை என்று தோன்றி ஊர் என்று எழுதுகிறார்கள். நான் நகரத்தின் பக்கம். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர் என்பது உழுகுடிகளின் குடியிருப்பு. நகரம் என்பது வணிகரின் குடியிருப்பு, அவர்களின் அவைக்கும் அதுவே பெயர். உழுகுடி அவையினர் ‘ஊரோம்’ என்றும், வணிக அவையினர் ‘நகரத்தோம்’ என்றும் கையெழுத்திட்டார்கள். பெரிய நிலப்பரப்பு என்ற பொருள் அதற்கு அப்போது இல்லை. ஒரு நாட்டின், அதாவது பல ஊர்கள் சேர்ந்த வட்டாரத்தின், உழவர்கள் விளைச்சலைக் கொண்டுவந்து விற்கும் சிறு இடமாகவும் இருக்கலாம். அந்தப் பொருள் செத்துவிடவும் இல்லை, நாட்டுக்கோட்டை நகரத்தார் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. பண்ணைக் குடிகளிலிருந்து பிரிந்து, வணிகத்துக்கென்று மனை வாங்கிக் குடியமர்ந்தவர்களின் கேம்டனுக்கு இதைவிட நெருங்கிய தமிழ்ச்சொல் கிடையாது. இங்கிலாந்தில் உரிமை அரசரின் பட்டயத்தால் ஒரு தலைவரிடம் இருந்தது, இங்கே வணிகரே அவையாக இயங்கினார்கள் என்ற வேறுபாடு உண்டு. அதை அறிந்தே இச்சொல்லை எடுக்க வேண்டும்.

ஊர்ப்பெயரில் வரும் ‘சிப்பிங்’கை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். ஊர்ப்பெயரை ஒலித்தபடி எழுதி, முதல் இடத்தில் பொருளைச் சொன்னால் போதும். ‘மார்க்கெட் ஹால்’ என்பதற்குச் சந்தைக் கூடம் பொருந்தும். ‘ஃபேர்’ என்ற சொல்லில்தான் பலர் தடுக்கிவிழுகிறார்கள். இடைக்கால வரலாற்றில்கூடக் கண்காட்சி என்று எழுதிவிடுகிறார்கள். திருநாளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. ஆண்டுக்கு ஒருமுறை புனிதரின் நாளை ஒட்டிச் சில நாள் நடந்த பெருவணிகம் என்பதால் ‘திருநாள் சந்தை’ என்பதே சரி. கால்நடை மட்டுமே கைமாறிய ஆண்டுச் சந்தை என்றால், மதுரை மாட்டுத்தாவணியில் இன்னும் புழங்கும் ‘தாவணி’ இருக்கிறது.