கடலில் மீன் இருக்குமா? ஐசியூ கட்டிலில் வரும் ஜன்னி

காசிமேட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 68 வயசு. வலை பின்னுற தொழில். நிமோனியான்னு சேர்த்து 14 நாளாச்சு, அதுல 9 நாள் வென்டிலேட்டர். இப்ப ட்யூபை எடுத்துட்டாங்க, பேசுறாரு. ஆனா சுவத்துல நண்டு ஊருதுன்றாரு. நர்ஸம்மா விஷம் வெக்கிறாங்கன்றாரு. போர்வைய புடிச்சி வலை பின்னுற மாதிரியே விரலை ஓட்டிக்கினு கீறாரு. காலைல நல்லா பேசினவரு சாயந்தரம் என்னைய யாருன்னு கேக்குறாரு. காத்து கருப்பு அண்டியிருக்கும், தாயத்து கட்டுன்றாங்க பெரியம்மா. மூளை போயிடுச்சா சார்?"

போகவில்லை. காத்து கருப்பும் இல்லை. இதன் பெயர் டெலிரியம்: உடம்பு நோயின்போது மூளை திடீரென்று குழம்பிப்போகும் நிலை. "காய்ச்சல் முத்தி ஜன்னி கண்டுடுச்சு" என்று பாட்டிமார் சொன்னது ஏறக்குறைய இதைத்தான். போர்வையைப் பிய்க்கும் விரல்களைப் பற்றி 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களைக் கவனித்த பெரிய அமெரிக்க ஆய்வுகளில் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு இது வந்திருக்கிறது. கத்துகிறவர், ஊசிக் குழாயைப் பிடுங்குகிறவர் உடனே கண்ணில் படுவார். கூப்பிட்டால் லேசாகக் கண் திறந்து மறுபடி மூடிக்கொள்கிறவரை "தாத்தா சமத்தா தூங்குறாரு" என்று விட்டுவிடுகிறோம். அதுவும் டெலிரியம்தான். உண்மையில் இந்த அமைதியான வகைதான் அதிகம், தவறவிடப்படுவதும் அதுதான்.

கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம், இரண்டு நிமிடம் போதும். 2001-இல் வெளியான ஒரு சோதனை உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பத்து ஆங்கில எழுத்துகளை நிதானமாகச் சொல்வார்கள்: எஸ், ஏ, வி, இ, ஏ, எச், ஏ, ஏ, ஆர், டி. 'ஏ' வரும்போது மட்டும் அவர் கையை அழுத்த வேண்டும். இரண்டுக்கு மேல் தப்பு வந்தால் கவனம் நிற்கவில்லை என்று பொருள். பிறகு ஆமாம், இல்லை என்று தலையாட்டினால் போதும் என்கிற கேள்விகள்: கல் தண்ணீரில் மிதக்குமா? கடலில் மீன் இருக்குமா? (காசிமேட்டுக்காரரிடம் ஏப்ரல் 15-க்கும் ஜூன் 14-க்கும் நடுவில் இதைக் கேட்டால் "தடைக்காலத்துல ஏது மீனு?" என்று பதில் வரலாம். அது தெளிந்த மூளையின் பதில்.) திடீரென்று வந்த அல்லது ஏறி இறங்கும் மாற்றமும் கவனக் குறைவும் கட்டாயம் இருக்க வேண்டும். கூடவே விழிப்பு நிலை மாறியிருக்க வேண்டும், அல்லது யோசனை கலைந்திருக்க வேண்டும். அப்படியானால் டெலிரியம். காலையில் தெளிவு, மாலையில் குழப்பம் என்று அவர் எழுதியிருக்கிறாரே, அதுவே பெரிய துப்பு. மறதி நோய் பொதுவாக ஒரே நாளில் இப்படி ஏறி இறங்காது.

நுரையீரலில் கிருமி, தலையில் ஏன் நண்டு? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

விடியற்காலை மீன் ஏலக்களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு குரல், ஐஸ் உடைக்கும் சத்தம், வண்டி ஹாரன். ஆனாலும் ஏலம் எடுப்பவர் காதில் விலை மட்டும் விழுகிறது. மூளையில் இந்த வேலையைச் செய்பவற்றுள் முக்கியமானது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். முன்மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஒரு நரம்புக் கூட்டம் இதை மூளையின் மேலடுக்கான புறணி முழுக்கத் தூவுகிறது. வேண்டிய குரல் உயரும், மற்றவை அடங்கும். இது குறைந்தால் எல்லாக் குரலும் ஒரே சத்தத்தில் கேட்கும். சலைன் ஸ்டாண்டின் நிழலை மூளை பழைய ஞாபகத்தை வைத்து நிரப்பிக்கொள்கிறது. கடலோரம் வாழ்ந்தவருக்கு அது நண்டாகிறது.

அதே அசிட்டைல்கோலினுக்கு இன்னொரு வேலையும் உண்டு: அழற்சிக்கு, அதாவது கிருமியை எதிர்த்து உடம்பு கிளப்பும் கொந்தளிப்புக்கு, கடிவாளம் போடுவது. 2000-இல் எலிகளில் கண்டார்கள், மூளையிலிருந்து நெஞ்சு, வயிறு வரை ஓடும் வேகஸ் நரம்பைத் தூண்டினால் உடம்பில் அழற்சி அடங்குகிறது. மூளைக்குள் காவல் காக்கும் மைக்ரோகிளியா செல்களையும் இதே பொருள் அடக்கி வைக்கிறது. இப்போது கோர்த்துப் பாருங்கள். நுரையீரல் தொற்றால் ரத்தத்தில் அழற்சிப் பொருள்கள் பெருகுகின்றன, ரத்தத்தில் உள்ளவை மூளைக்குள் புகாமல் தடுக்கும் சுவர் கசிகிறது, மைக்ரோகிளியா விழித்துக்கொள்கின்றன. வயதான மூளையில் அசிட்டைல்கோலின் ஏற்கெனவே குறைவு. கவனத்துக்கும் ஆளில்லை, காவலரை அடக்கவும் ஆளில்லை.

அழகான விளக்கம். அப்படியானால் குறைந்த பொருளைக் கூட்டினால் சரியாகிவிடுமா? நெதர்லாந்தில், அசிட்டைல்கோலின் சிதையாமல் காக்கும் ரிவாஸ்டிக்மின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெற்றவர்களில் இறப்பு அதிகமாகத் தெரிந்ததால் 104 பேரோடு ஆய்வை நிறுத்திவிட்டார்கள். முடிவு 2010-இல் வந்தது, டெலிரியமும் குறையவில்லை. இங்கே ஒரு குழாயை மட்டும் திறந்தால் போதாது போலிருக்கிறது. மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால்? 2018-இல் 566 பேரிடம் சோதித்ததில், டெலிரியம் நீடிக்கும் நாள்களை அது குறைக்கவில்லை. தனக்கே ஆபத்து விளைவிக்கும் அளவுக்குத் துள்ளுகிறவரை அடக்க மட்டும் அது உதவும்.

கூட்டுவது கடினம், குறைப்பதோ சுலபம். அரிப்புக்கும் அலர்ஜிக்கும் சாதாரணமாகப் போடும் அவில் ஊசி, பெனர்கன், சில சளி மாத்திரைகள், அமிட்ரிப்டிலின் எல்லாம் அசிட்டைல்கோலினைத் தடுப்பவை. மயக்கத்துக்குக் கொடுக்கும் மிடசோலம், லோராசெபாம் வகை வேறு வழியில் டெலிரியத்தைக் கூட்டும். அந்த மயக்கம் தூக்கமும் அல்ல. ஆழ்ந்த உறக்கமும் கனவு உறக்கமும் அதில் ஒழுங்காக வருவதில்லை. "அப்பாவுக்கு இதெல்லாம் போகுதா டாக்டர்? குறைக்க முடியுமா?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஒரு விதிவிலக்கு. தினமும் குடித்தவர் என்றால் மறைக்காதீர்கள். எவ்வளவு, கடைசியாக என்று என்பதைச் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். குடி நின்ற 2 முதல் 4 நாளுக்குள் நடுக்கம், வியர்வையோடு வரும் ஜன்னி வேறு. அதற்கு மருந்தே லோராசெபாம் வகைதான், கூடவே தயமின் (வைட்டமின் பி1). வெட்கப்பட்டு மறைத்தால் உயிர் போகலாம்.

பலன் தெரிந்த வழிகளைப் பார்த்தால் சப்பென்று இருக்கும். 2009-இல் வெளிவந்த ஒரு ஆய்வில் (இதிலும் 104 பேர்தான்) வென்டிலேட்டரில் இருக்கும்போதே தினமும் மயக்க மருந்தை நிறுத்தி, கை கால் அசைக்க வைத்து, உட்கார வைத்து, முடிந்தால் நடக்கவும் வைத்தார்கள். டெலிரியம் 4 நாளிலிருந்து 2 நாளானது. இதற்கு வேண்டியது பிசியோதெரபிஸ்டும் கூடுதல் நர்ஸும். வென்டிலேட்டர் வாங்கினால் ரிப்பன் வெட்டிப் படம் எடுக்கலாம், இரவு ஷிஃப்டுக்கு இரண்டு நர்ஸ் கூட்டினால் எந்தப் பேப்பரில் படம் வரும்? நம் ஊர் ஆராய்ச்சிப் பணமும் இந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது என் கட்சி.

நீங்கள் செய்யக்கூடியவை: மூக்குக் கண்ணாடி, காது மெஷின், பல்செட் வீட்டில் இருந்தால் இன்றே கொண்டுபோங்கள். தேதி காட்டும் கடிகாரம் அவர் கண்ணில் படட்டும். உள்ளே போனதும் நீங்கள் யார், இது எந்த இடம், இன்று என்ன கிழமை என்று சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். பகலில் வெளிச்சம், இரவில் விளக்கணைப்பு, அலாரச் சத்தம் குறைப்பு. தவிர்க்கக்கூடிய ரத்தப் பரிசோதனையை நடு இரவில் எடுக்காமல் இருக்க முடியுமா என்றும் கேளுங்கள். திடீரென்று படபடத்தால் வலி, மூச்சுத் திணறல், அடைத்த சிறுநீர், மலச்சிக்கல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நண்டு இல்லை என்று சண்டை போடாதீர்கள், இருக்கிறது என்றும் ஒத்துப் பாடாதீர்கள். "எனக்குத் தெரியலப்பா. பயமா இருக்கா? நான் இங்கயே கீறேன்" போதும். விபூதி பூசினால் கெடுதல் இல்லை. தாயத்தில் உலோகம் இருந்தால் எம்ஆர்ஐ அறைக்குள் விடமாட்டார்கள். ஆனால் அவர் காதுபட "பேய் புடிச்சிருக்கு" என்று மட்டும் பேசாதீர்கள், விஷம் வைக்கிறார்கள் என்ற பயத்துக்கு அது தீனி.

பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். 2013-இல் வெளியான ஆய்வில், ஐசியூவிலிருந்து மீண்டு ஓராண்டான பிறகும் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு நினைவும் யோசனையும் லேசான அல்சைமர் நோயாளி அளவுக்குக் குறைந்திருந்தன; டெலிரியம் நீண்டவர்களுக்கே பாதிப்பு அதிகம். வீட்டுக்கு வந்து மூன்று மாதம் கழித்தும் சில்லறைக் கணக்கோ மாத்திரை வேளையோ தடுமாறினால் "வயசாச்சு" என்று விடாமல், டிஸ்சார்ஜ் சம்மரியோடு நரம்பியல் ஓ.பி.க்குக் கூட்டிப்போங்கள். அந்தத் தாளில் டெலிரியம் என்ற சொல் எழுதப்பட்டிருக்கிறதா என்று வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே பாருங்கள், இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்.